கோவில் தளத்துக்கு அர்ச்சனைப் பதிவு மாட்யூல்: கோட் ஜெனரேட்டரை நம்பி இறங்கலாமா?

#1 ஒக்கலாப்பா தம்பி

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோனில் எங்கள் ஏரியா கோவிலுக்கு ஒரு தளம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அண்ணன் டிரூபல் 7 என்கிற தளம் கட்டும் மென்பொருளில் கட்டிக் கொடுத்துவிட்டு மலேசியா போய்விட்டார். 2025 ஜனவரி 5-ஓடு டிரூபல் 7-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் வராது என்று கமிட்டியில் நான்தான் வாயைத் திறந்தேன். திறந்தவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

டிரூபல் 10 போட்டாயிற்று. (டிரூபல் ஓடும் மொழியான பி.எச்.பி. எங்கள் சர்வரில் 8.2 வரைதான் இருக்கிறது. டிரூபல் 11-க்கு 8.3 வேண்டும்.) இப்போது கமிட்டி கேட்பது அர்ச்சனைப் பதிவு, அதற்குத் தனி மாட்யூல் (டிரூபலில் சேர்க்கும் துணை நிரல்) வேண்டும். இன்றைக்கு அது ஆபீஸ் ஜன்னலில் நீள நோட்டில் நடக்கிறது. பெயர், நட்சத்திரம், என்ன பூஜை, எந்த நாள், எத்தனை கியாட், ரசீது எண். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அந்த ஜன்னல் பக்கம் போக முடியாது.

நேற்று ராத்திரி கரண்ட் இருந்த நேரத்தில் டிரஷ்ஷில் (டிரூபலைக் கட்டளை அடித்து இயக்கும் கருவி) கோட் எழுதித் தரும் 'ஜெனரேட்' கட்டளையை ஓட்டினேன். கேள்வி மேல் கேள்வி கேட்டது. பாதிக்கு மேல் புரியவில்லை, எல்லாவற்றுக்கும் 'ஆம்' அடித்தேன். ஒரு நிமிஷத்துக்குள் கோப்புகள் வந்து கொட்டின. மாட்யூல் எனேபிள் ஆகிறது, மெனுவில் தெரிகிறது, 'புதிது சேர்' பொத்தான்கூட இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஏ.ஐ.யிடம் கேட்டால் அதுவும் முழு மாட்யூலை எழுதித் தருகிறது. எதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்?

#2 கணக்கப்பிள்ளை

தலைப்பில் ஜெனரேட்டர் என்று பார்த்து, டீசல் விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று உள்ளே வந்தேன். வந்ததுதான் வந்தேன், அது எங்கள் கோவில் நோட்டு என்று தெரிகிறது. தம்பி, அந்த நோட்டில் எழுதுகிறவன் நான்தான். எதையாவது மாற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

#3 சிங்கப்பூர் ரிட்டர்ன்

நானாக இருந்தால் வேர்ட்பிரஸ்ஸில் முடித்திருப்பேன். அதன் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் 'ஸ்கஃபோல்ட் பிளகின்' என்று ஒரு வரி அடித்தால் பிளகின் கூடு, சோதனைக் கோப்புகள் உட்பட வந்துவிடும். 'ஸ்கஃபோல்ட் போஸ்ட்-டைப்' அடித்தால் அர்ச்சனை ஒரு பதிவு வகையாக நிற்கும். பக்கத்தில் வைக்கிற பிளாக் வேண்டும் என்றால் 'கிரியேட்-பிளாக்' இருக்கிறது.

டிரூபல்தான் என்றால் முதலில் இதைக் கேளுங்கள்: மாட்யூலே எதற்கு? வெப்ஃபார்ம் மாட்யூலைப் போட்டு ஒரு படிவம் செய்தால் பெயர், நட்சத்திரம், நாள் எல்லாம் வாங்கிக்கொள்ளும், ஈமெயில் அனுப்பும், எக்செலில் எடுக்கலாம். ஒரு வரி கோட் எழுத வேண்டாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, பட்டு அறிந்தது. ஜெனரேட்டரை இரண்டாம் தடவை ஓட்டும்போது 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா' என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' அடித்தேன். இரண்டு நாள் கையால் எழுதியது போயிற்று. கிட்டில் (கோட்டின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கருவி) போட்டு வைத்திருக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

#4 மோல்மேன் அக்கா

தம்பி, நீங்கள் 'ஆம்' அடித்த கேள்விகள்தான் விஷயமே. ஜெனரேட்டர் எழுதித் தரும் கோட் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். டிரஷ் 9-இலிருந்து உள்ளே ஓடுவது டிரூபல் கோட் ஜெனரேட்டர் என்கிற தனி நூலகம், மோசமாக எழுதாது. ஆனால் நீங்கள் சொன்ன பதிலுக்குத்தான் எழுதும்.

'என்டிட்டி-கன்டென்ட்' (புதுப் பதிவு வகை, அதாவது என்டிட்டி, உருவாக்கும் கட்டளை) ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திருத்த வரலாறு வேண்டுமா, மொழிபெயர்ப்பு வேண்டுமா, உள்வகைகள் உண்டா, தனிப்பக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கும். முதல் இரண்டுக்கும் 'ஆம்' சொன்னால் தரவுத்தளத்தில் ஒரு அர்ச்சனைக்கு நாலு டேபிள் உட்காரும்: அடிப்படை ஒன்று, மொழிவாரித் தரவுக்கு ஒன்று, திருத்தங்களுக்கு இரண்டு. 'மீனாட்சி, ரோகிணி, வெள்ளிக்கிழமை' என்பதை யார் பர்மியத்தில் மொழிபெயர்க்கப் போகிறார்கள்? பக்கம் பர்மியத்தில் தெரிவது வேறு, பதிவுக்கு மொழிபெயர்ப்பு வைப்பது வேறு.

இன்னும் ஒரு அர்ச்சனைகூடப் பதியவில்லை அல்லவா? அப்படியானால் இன்றைக்கே மாட்யூலை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், ஃபோல்டரை அழியுங்கள், கிட் தொடங்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். தரவு உள்ளே போன பிறகு இந்தப் பதில்களை மாற்றுவது வீட்டுக்குக் கூரை போட்டபின் தூணை நகர்த்துகிற கதை. டிரூபல் 8.7-க்கு முன்னால் ஒரே கட்டளையில் என்டிட்டி மாற்றத்தைத் தள்ளிவிடலாம். அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு அடிப்படைப் புலத்தைச் சேர்க்க வேண்டும் என்றாலும் அப்டேட் ஹூக் (டிரூபல் தானாகக் கூப்பிடும் ஃபங்ஷன்) எழுத வேண்டும்.

மறுபடி ஓட்டும்போது 'டிரை-ரன்' சேர்த்து ஓட்டுங்கள். கோப்பு எதையும் எழுதாமல், என்ன எழுதப் போகிறது என்பதைத் திரையில் காட்டும். அதை ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். புரியாத வரிகளை இங்கே போடுங்கள்.

வலையில் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து 'மாட்யூல்-ஸ்டாண்டர்ட்' என்று அடித்தால் வேலை செய்யாது. இப்போது வெறும் 'மாட்யூல்'தான். 'டிரூபல் கன்சோல்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பாதியில் நின்றுபோன திட்டம், டிரூபல் 10-க்கு வரவில்லை. கட்டளை அடிக்கப் பிடிக்காது, பிரவுசரில் டிக் அடித்து மாட்யூல் செய்ய வேண்டும் என்றால் 'மாட்யூல் பில்டர்' இருக்கிறது. உங்கள் தளத்தில் இருக்கும் மாட்யூல்களின் ஹூக் விவரங்களைப் படித்துப் பட்டியலாகவே காட்டும். கற்றுக்கொள்ள அது நல்லது.

@சிங்கப்பூர் ரிட்டர்ன் அண்ணே, வெப்ஃபார்ம் யோசனை நல்லதுதான். ரசீது எண்ணும் நாள் கணக்கும் இல்லையென்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

#5 ஒக்கலாப்பா தம்பி

அக்கா, எல்லாம் அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். இந்தத் தடவை திருத்தம், மொழி, உள்வகை மூன்றுக்கும் 'இல்லை'. நாலு டேபிள் ஒன்றாகிவிட்டது. 'புலங்கள் சேர்க்கலாமா' என்பதற்கு மட்டும் 'ஆம்'. ரசீது எண், பூஜை நாள் இரண்டையும் கோட்டில் வைத்து, நட்சத்திரம், பூஜை வகை, தொகை மூன்றையும் நிர்வாகப் பக்கத்திலிருந்து சேர்த்தேன்.

அன்றைக்கான பட்டியல் ஒரு பக்கத்தில் வர வேண்டும், குருக்கள் காலையில் போனில் பார்ப்பார். அதற்கு ஜெனரேட்டரில் 'கன்ட்ரோலர்' (பக்கத்தை உருவாக்கும் கோட்) ஓட்டினேன். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் வழித்தடக் கோப்பில் 'பெர்மிஷன்: அக்சஸ் கன்டென்ட்' என்று வந்திருக்கிறது. பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, பக்கமும் திறக்கிறது.

#6 மோல்மேன் அக்கா

பக்கம் எல்லாருக்கும் திறக்கிறது, அதுதான் தொல்லை. 'அக்சஸ் கன்டென்ட்' என்றால் பிரசுரமானதைப் பார்க்கும் உரிமை. லாகின் இல்லாமல் வருகிற யாருக்கும் சாதாரணமாக அது இருக்கும். பக்தர்களின் பெயர், போன் நம்பர், எந்த நாள் கோவிலுக்கு வருவார்கள் என்பதெல்லாம் அந்த முகவரி தெரிந்த எவனுக்கும் கிடைக்கும். ஜெனரேட்டர் ஒரு மாதிரிக்காக அதை வைக்கிறது. மாற்றுவது நம் வேலை.

'பெர்மிஷன்ஸ்' யாமல் கோப்பில் (அமைப்புகளை எழுதும் கோப்பு வகை) 'அர்ச்சனைப் பட்டியல் பார்' என்று தனி உரிமை எழுதுங்கள், அதையே வழித்தடத்தில் போடுங்கள். குருக்களுக்கும் ஆபீசுக்கும் ஒரு ரோல் செய்து அந்த உரிமையை அதற்கு மட்டும் கொடுங்கள். பிறகு லாகின் இல்லாத இன்னொரு பிரவுசரில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால்தான் வேலை முடிந்தது.

#7 லம்மடோ டெவ்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன். இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு கஷ்டம்? ஏ.ஐ.க்கு இந்த நோட்டுப் பக்கத்தை அப்படியே சொல்லி எழுதச் சொன்னேன், முழு மாட்யூலும் வந்தது. இதோ முக்கியமான பகுதிகள்:

ஒன்று, பக்கங்களை 'ஹூக் மெனு'வில் பதிவு செய்திருக்கிறது. இரண்டு, சேமித்த பிறகு 'டிரூபல் செட் மெசேஜ்' மூலம் நன்றி சொல்கிறது. மூன்று, போன் நம்பர் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. நாலு, ரசீதில் இடம் போதாது என்பதால் பெயரை 'சப்-ஸ்டிரிங்' வைத்து 20-இல் நிறுத்துகிறது. நாள் பார்க்க ஒரு காம்போசர் பேக்கேஜையும் (பி.எச்.பி.க்கு வெளியார் எழுதிய துணைக் கோட்) சேர்க்கச் சொல்கிறது.

அழகாக விளக்கமும் எழுதியிருக்கிறது.

#8 மோல்மேன் அக்கா

விளக்கம் அழகுதான். 'ஹூக் மெனு' டிரூபல் 7-ஓடு சரி, 8-இலிருந்து வழித்தட யாமல். அந்த ஹூக்கை 10-இல் எழுதினால் பிழைகூட வராது, யாரும் கூப்பிட மாட்டார்கள், பக்கம் இல்லை என்று மட்டும் வரும். அரை நாள் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 'டிரூபல் செட் மெசேஜ்' 9-இல் நீக்கப்பட்டது, அது இருந்தால் வெள்ளைத் திரை. டிரூபல் 7 பதினான்கு வருஷம் உயிரோடு இருந்தது அல்லவா, 2011-இலிருந்து. வலையில் அதற்கான உதாரணங்கள்தான் மலைபோலக் கிடக்கின்றன. ஏ.ஐ. படித்ததும் அதுதான்.

பேக்கேஜ் பெயரை, அவை கிடைக்கும் பேக்கஜிஸ்ட் தளத்தில் தேடினீர்களா? நான் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. இல்லாத பெயரைச் சொல்வதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதே பெயரில் நாளைக்கு எவனாவது ஒரு கெட்ட பேக்கேஜை ஏற்றி வைத்தால் நீங்களே கூப்பிட்டு வீட்டுக்குள் விட்ட மாதிரி.

நானும் ஏ.ஐ. பயன்படுத்துகிறேன். கூட்டை டிரஷ் கட்டட்டும். அதில் ஒரு ஃபங்ஷனை மட்டும் காட்டி 'இதை டிரூபல் 10-க்கு எழுது, பழைய ஃபங்ஷன் வேண்டாம்' என்று கேட்டால் உருப்படியாக வருகிறது. மொத்தமாகக் கேட்டால் இரண்டு காலத்து டிரூபலையும் கலந்து கொடுக்கிறது.

#9 கணக்கப்பிள்ளை

தம்பி நேற்று ரசீதை அச்சடித்துக் காட்டினார். லம்மடோ தம்பி கொடுத்த துண்டைத்தான் சேர்த்திருக்கிறார் போல. 'முனியாண்டி' என்று பதிந்தோம். ரசீதில் 'முனியா' என்று வந்து, பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் கேள்விக்குறி. முனியாண்டி அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'என்னப்பா, சாமி பேரையே பாதியில வெட்டிட்டீங்க' என்றார். காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

#10 பெகு மாஸ்டர்

கணினி எனக்கு அதிகம் தெரியாது, எழுத்து தெரியும். முனியாண்டியில் நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்துத் துண்டு: ம, உகரக் குறி, ன, இகரக் குறி என்று போகும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஆக முப்பது. இருபதில் வெட்டினால் 'முனியா' வரை பதினெட்டு, மிச்சம் இரண்டு பைட். 'ண'வுக்கு மூன்று வேண்டும். அந்தப் பாதி ண-தான் உங்கள் கட்டம்.

#11 மோல்மேன் அக்கா

மாஸ்டர், இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன். 'எம்பி-சப்-ஸ்டிரிங்' போட்டால் துண்டு உடையாது. ஆனாலும் 'ண்'ணில் புள்ளியை விட்டுவிட்டு 'ண' என்று நிறுத்தக்கூடும். 'கிராஃபீம் சப்-ஸ்டிரிங்' என்று ஒன்று பி.எச்.பி.யில் பல மொழிகளைக் கையாளும் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, அது நாம் கண்ணால் பார்க்கும் எழுத்தாக எண்ணும். என்னைக் கேட்டால் பெயரை வெட்டவே வேண்டாம், அடுத்த வரிக்குப் போகட்டும். ரசீது நீளமானால் குடி முழுகிப் போகாது.

இன்ட்ல் இருந்தால் இன்னொன்றும் சரியாகும். பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போது வெறும் 'சார்ட்' யூனிகோடு எண்ணைப் பார்க்கும். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வரும். இன்ட்லில் உள்ள கொலேட்டர் (மொழிக்கேற்ப அடுக்குவது) போட்டால் நம் வரிசை.

#12 கணக்கப்பிள்ளை

நட்சத்திரத்தை அகர வரிசையில் அடுக்காதீர்கள். படிவத்தில் அசுவினிக்கு அடுத்து அத்தம் நிற்கிறது. அசுவினி, பரணி, கார்த்திகை என்று வாயில் வரும் வரிசையில் இருபத்தேழும் வேண்டும். ஜன்னலில் நிற்கிற ஆச்சிமார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டுதான் தேடுவார்கள்.

#13 ஒக்கலாப்பா தம்பி

மாற்றிவிட்டேன் அண்ணே. ஏ.ஐ. கொடுத்த துண்டில் 'ஏ-சார்ட்' என்று ஒரு வரி இருந்தது, தூக்கிவிட்டேன்.

போன் நம்பரில் புதுச் சிக்கல். சிலர் 09 என்பதைப் பர்மிய எண்ணில் அடிக்கிறார்கள், படிவம் 'தவறான எண்' என்று தள்ளுகிறது. பர்மிய எண்ணையும் ஏற்கும்படி மாற்றினேன். அதற்கப்புறமும் சிலருடையது மட்டும் போகவில்லை. திரையில் பார்த்தால் நம்பர் சரியாகவே இருக்கிறது!

#14 சிங்கப்பூர் ரிட்டர்ன்

ஹா ஹா. இதில் நானும் மாட்டியிருக்கிறேன். பர்மிய சுழியமும் 'வலோன்' என்கிற வகர எழுத்தும் பார்க்க ஒரே வட்டம். கீபோர்டில் கைக்கு எது கிட்டவோ அதை அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று எண், ஒன்று எழுத்து. போன் புலத்தில் மட்டும் வலோன் வந்தால் சுழியமாக எடுத்துக்கொள், மற்ற ஒன்பதையும் 1-9 ஆக்கு, பிறகு சரிபார் என்று எழுதுங்கள். பெயர்ப் புலத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், வின்னி என்கிற பெண் பூஜ்யமாகிவிடுவாள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜெனரேட்டரோ ஏ.ஐ.யோ 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த ஊரில் குடும்பப் பெயர் யாருக்கு இருக்கிறது? நம் ஆட்களுக்கோ அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், கோவிலில் ஒரு தமிழ்ப் பெயர். பதியும்போது தமிழ்ப் பெயர், பணம் அனுப்பும்போது போன் கணக்கில் பர்மியப் பெயர். இரண்டையும் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை அண்ணன் மாசக் கடைசியில் யார் யாரென்று முழிப்பார்.

#15 கணக்கப்பிள்ளை

இப்போதே முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

#16 பெகு மாஸ்டர்

பழைய தளத்தில் இருக்கிற நன்கொடையாளர் பட்டியலையும் புதிதுக்குக் கொண்டு வரப் போகிறீர்களா தம்பி? தமிழ்ப் பெயர்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒரு காலத்தில் நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் பாமினியில் அடித்தோம். அதை அப்படியே ஒட்டியிருந்தால் தரவுத்தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவிதானே.

#17 ஒக்கலாப்பா தம்பி

மாஸ்டர், தமிழ் தப்பித்தது, எல்லாம் யூனிகோடுதான். முகவரிகள்தான் பர்மியத்தில். அதில் பாதி ஒழுங்காகத் தெரிகிறது, பாதி எழுத்து இடம் மாறிக் குதறிப்போய்த் தெரிகிறது. ஜாஜி (பழைய பர்மிய எழுத்துரு) என்று நினைக்கிறேன்.

#18 மோல்மேன் அக்கா

ஜாஜியேதான். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்னால் உள்ளது ஜாஜி, பின்னால் உள்ளது யூனிகோடு என்று தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும், பிரிக்காதீர்கள். ஆளாளுக்குப் போன் மாற்றிய நாள் வேறு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். 'கெ' எழுதும்போது கொம்பைக் கண்ணுக்கு முன்னால் போடுகிறோம், யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால் சேமிக்கப்படுகிறது. பர்மிய எழுத்திலும் முன்னால் போடும் கொம்பு ஒன்று உண்டு, யூனிகோடில் அதுவும் மெய்க்குப் பின்னால்தான். ஜாஜியில் பார்க்கிற வரிசையிலேயே சேமித்துவிடுவார்கள். நம் பழைய தமிழ் எழுத்துக் குறியீடான டிஸ்கியில் செய்த மாதிரி. இதில் கூடுதல் வம்பு, டிஸ்கிக்குத் தனி எண் இடம் இருந்தது, ஜாஜி யூனிகோடின் பர்மிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு வரியைப் பார்த்து இது எது என்று ஊகிக்கத்தான் முடியும்.

ஊகிக்க கூகிள் வெளியிட்ட 'மியான்மர் டூல்ஸ்' நூலகம் இருக்கிறது, பி.எச்.பி.யிலும் கிடைக்கிறது. ஒரு வரியைக் கொடுத்தால் ஜாஜியாக இருக்க வாய்ப்பு 0-இலிருந்து 1-க்குள் எவ்வளவு என்று சொல்லும். 0.95-க்கு மேல் என்றால் மாற்றுங்கள், 0.05-க்குக் கீழ் என்றால் விட்டுவிடுங்கள், நடுவில் உள்ளதைத் தனிப் பட்டியலாக எடுத்து மனுஷர் பார்க்கட்டும். இரண்டு எழுத்துத் தெருப் பெயரெல்லாம் நடுவில்தான் விழும். முழு முகவரியையும் ஒரே வரியாகக் கொடுத்தால் ஊகம் நன்றாக இருக்கும்.

இந்த வேலைக்கு ஜெனரேட்டரில் ஒரு மைக்ரேட் பிராசஸ் பிளகின் (பழைய தரவைக் கொண்டுவரும்போது மாற்றித் தரும் துண்டு) கூடு எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பத்துப் பதினைந்து வரிதான் நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

#19 லம்மடோ டெவ்

பேக்கேஜ் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன், அக்கா சொன்னது சரி. நடுவில் விழுந்த பட்டியலை நான் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். பர்மிய எழுத்து எனக்குக் கை வந்தது.

#20 ஒக்கலாப்பா தம்பி

நன்றி நண்பா. முந்நூற்றுச் சொச்சம் வரி இருக்கிறது, அனுப்புகிறேன்.

அக்கா, இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்குப் பதிந்த அர்ச்சனை குருக்களின் பட்டியலில் வியாழக்கிழமை வருகிறது. எல்லாம் இல்லை, சிலது மட்டும். படிவத்தில் பார்த்தால் வெள்ளி என்றே இருக்கிறது.

#21 மோல்மேன் அக்கா

நாள் புலம் செய்யும்போது 'நாளும் நேரமும்' வகையைத் தேர்ந்திருப்பீர்கள். டிரூபல் அதை யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். நாம் யு.டி.சி.யைவிட ஆறரை மணி முன்னால். வெள்ளி அதிகாலை பூஜைக்கு நள்ளிரவு 12 என்று பதிந்தால் உள்ளே வியாழன் மாலை 5:30 என்று போகும். படிவம் திருப்பிக் காட்டும்போது மாற்றிக் காட்டுகிறது. உங்கள் பட்டியல் பக்கம் தரவுத்தள மதிப்பை அப்படியே எடுக்கிறது. காலை ஆறரைக்கு மேல் பதிந்ததெல்லாம் சரியாக வந்திருக்கும், அதற்கு முன்னால் பதிந்தது ஒரு நாள் பின்னால் போயிருக்கும். பாருங்கள்.

#22 ஒக்கலாப்பா தம்பி

அச்சு அசல் அப்படியே! உஷத்கால பூஜை எல்லாம் வியாழன், உச்சிகாலம் எல்லாம் வெள்ளி.

#23 மோல்மேன் அக்கா

புலத்தை 'நாள் மட்டும்' வகையாக மாற்றுங்கள், அதில் நேர மண்டலக் கணக்கே கிடையாது. எந்தக் காலப் பூஜை என்பதைத் தனிப் பட்டியல் புலமாக வையுங்கள். கோவிலில் யாரும் 'ஆறு மணி' என்று பதிவதில்லை, 'காலசந்தி' என்றுதானே சொல்கிறார்கள்.

இதே கையோடு, முகப்பில் ராகு காலம் காட்டுகிறீர்களே, அது சென்னைப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்ததா? திதி, நட்சத்திரம் முடியும் நேரத்துக்கு ஒரு மணி கூட்ட வேண்டும். ராகு காலம் சூரிய உதயத்தைப் பொறுத்தது, அதற்குக் கூட்டினால் போதாது, யாங்கோன் உதயத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். இதை எந்த ஜெனரேட்டரும் உங்களிடம் கேட்காது.

#24 பெகு மாஸ்டர்

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு மணியைக் கூட்டாமலே பல வருஷம் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

#25 ஒக்கலாப்பா தம்பி

நேற்று சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலில் லேப்டாப்பை வைத்து நோட்டோடு சேர்த்துப் பதிந்தோம். முதல் ஒரு மணி நேரத்தில் பதினொரு அர்ச்சனை. இடையில் கரண்ட் போயிற்று, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். ரசீதில் பெயர் முழுசாக வருகிறது. முனியாண்டி அண்ணனுக்குப் புது ரசீது கொடுத்துவிட்டேன்.

ஜெனரேட்டர் எழுதியதில் எவ்வளவு மிச்சம் என்று கிட்டில் பார்த்தேன். கோப்புகள் எல்லாம் அதேதான். உள்ளே நான் தொடாதது என்றால் இன்ஃபோ கோப்பும் நீக்கும் படிவமும்தான்.

#26 கணக்கப்பிள்ளை

நீக்கும் படிவத்தைத்தான் நீங்கள் தொட்டிருக்க வேண்டும்.

நோட்டில் கடைசி ரசீது 4318. கம்ப்யூட்டரில் முதல் ரசீது 1 என்று வருகிறது. சரி, புதுப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3 இருக்கிறது, அடுத்தது 10. நாலிலிருந்து ஒன்பது வரை எங்கே? வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஆறு ரசீதுக் காசை யார் எடுத்தது என்பார்.

#27 ஒக்கலாப்பா தம்பி

அது நான் சோதனைக்குப் பதிந்து அழித்தது அண்ணே. என்டிட்டி எண்ணையே ரசீது எண்ணாக அச்சடிக்கிறேன். ரசீது எண்ணுக்கென்று வைத்த புலம் காலியாகவே கிடக்கிறது.

#28 மோல்மேன் அக்கா

அதை நிரப்புங்கள். ரசீது எண்ணைத் தனி எண்ணியிலிருந்து கொடுங்கள், 4319-இல் தொடங்கட்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிந்தாலும் ஒரே எண் விழாதபடி லாக் போட்டு எடுங்கள். ரசீது கொடுத்த பதிவை யாராலும் அழிக்க முடியக்கூடாது. நீக்கும் வழித்தடத்தையே எடுத்துவிட்டு 'ரத்து' என்று ஒரு நிலை வையுங்கள். ரத்தானதும் பட்டியலில் குறுக்குக் கோட்டோடு தெரியட்டும்.

#29 கணக்கப்பிள்ளை

நோட்டிலும் அப்படித்தான் செய்வேன். குறுக்கே கோடு, பக்கத்தில் கையெழுத்து. ரத்து செய்தது யார் என்று பெயரும் வர வேண்டும், தம்பி. 4319-இலிருந்து தொடங்குங்கள், நான் நோட்டில் 4318-க்குக் கீழே கோடு போட்டுவிடுகிறேன்.